டிக் போட்ட மோட்டார்

எங்கள் தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்கிறவர் மாதத்துக்கு ஒரு தடவை வருவார். யாருக்காவது டெங்கு வந்துவிட்டால் மூன்று தடவை வருவார். தெருமுனையில் அந்த இயந்திரம் உறும ஆரம்பித்ததுமே, இந்த மயிலாப்பூர்ச் சந்து முழுக்க ஜன்னல் சாத்தும் சத்தம் வரிசையாகக் கேட்கும். நான் மட்டும் என் ஜன்னலை அகலத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பேன். "ஊரே மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுது. உனக்கு மட்டும் சாம்பிராணிப் புகையா?" என்பார் என் கணவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் சொல்லாமல் விட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. உங்களிடம் சொல்கிறேன்.

அந்தப் புகையில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கொசுக்களுக்கும் தெரியாது போலிருக்கிறது, மறுநாள் காலையில் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அதில் எண்ணெய்ப் புகை உண்டு. எரிந்தும் எரியாமலும் தொண்டையில் போய் உட்காருகிற புகை. அதை ஒரு மூச்சு இழுத்தால் போதும், எனக்கு இருபத்திரண்டு வயது. ஊரூர் ஆல்காட் குப்பத்தின் குறுகலான சந்தில், ஒரு வீட்டு வாசலில், நீல நிற டிரம்முக்குப் பக்கத்தில் கையில் அட்டையும் பேனாவுமாக நிற்கிறேன். டிரம் தண்ணீருக்குள் ஒரு படகு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீடு அப்போது சாந்தோமில் இருந்தது. அப்பா வாத்தியார், அம்மா டீச்சர், இரண்டு அத்தைகளும் டீச்சர்கள், ஒரு சித்தப்பா பங்குக் கோயில் பள்ளியில் தலைமையாசிரியர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து குடும்பம் மொத்தமும் வெளியே வந்தால் பாதி பங்கு மக்கள் பயந்து கைகட்டி நிற்பார்கள். நான் வேதியியல் படித்துவிட்டு, செத்தாலும் டீச்சர் வேலைக்குப் போகமாட்டேன் என்று அடம் பிடித்தேன். அதற்குத் தண்டனையாகத்தான் ஆண்டவர் என்னைக் கடலில் தள்ளினார் என்பது அம்மாவின் கட்சி.

வேலை இதுதான். அடையாறில் ஒரு வீட்டின் மேல்மாடியில் சிறிய சோதனைக்கூடம். அதன் தலைமை அலுவலகம் நந்தனத்தில். வாரம் இரண்டு நாள் விடியற்காலையில் நான் படகில் போய், அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்கு வெளியே மூன்று இடங்களில் தண்ணீர் பிடித்து, பாட்டில்களை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். ஆற்றில் என்னென்ன கலந்து வருகிறது என்று பார்ப்பதற்கு. மூக்கை வைத்தே சொல்லிவிடலாம்; ஆனாலும் ஆறு மாதம் தற்காலிக வேலை, பிறகு நிரந்தரம் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தை அம்மா மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள்.

சுனாமிக்கு அப்புறம் குப்பத்தில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகியிருந்த நேரம். எங்கள் சோதனைக்கூடம் வாடகைக்குப் பேசியிருந்தது கன்னியப்பன் அண்ணனின் படகு. அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். அதிகம் பேசமாட்டார். படகு கரையில் மணல்மேல் கிடக்கும். மோட்டார் மட்டும் வீட்டுக்குள் இருக்கும். கட்டிலின் கால்மாட்டில், மரச்சட்டத்தில் மாட்டி, பழைய பூப்போட்ட போர்வை போர்த்தி, ஏதோ காய்ச்சல்காரரை உட்கார வைத்த மாதிரி. அதன் தலையில் ஒரு சாம்பல் பூனை எப்போதும் சுருண்டு படுத்திருக்கும். முந்தைய நாள் சூடு அதில் கொஞ்சம் மிச்சமிருக்கும் போல.

காலை ஐந்தரைக்கு நான் போகும்போது பூனையை இறக்கிவிட்டு மோட்டாரை வாசலுக்குத் தூக்கி வருவார்கள். வாசலில் பாதியாக அறுத்த நீல டிரம் ஒன்றில் நல்ல தண்ணீர் நிரப்பியிருக்கும். அதற்குமேல் நட்ட சவுக்குக் கம்பத்தில் மோட்டாரை மாட்டி, அடியிலிருக்கும் விசிறி தண்ணீரில் முங்கும்படி இறக்கி, கயிற்றை இழுத்து ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கரைக்குப் போவார்கள். பெட்ரோலில் எழுப்பி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலில் ஒரு நிமிடம். சந்து முழுக்கப் புகை. எதிர்வீட்டு அம்மா இட்லிப் பானையை மூடுவாள்.

இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம், கடலில் போய் இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று முதல் நாள் கேட்டேன். கேட்கலாம், படித்தவள்தானே. கரையில் போய் நின்றபோது புரிந்தது. பத்துப் பேர் படகைத் தள்ளித் தண்ணீரில் விடுவார்கள். முதல் அலை மூக்கில் மோதித் தாண்டும். அதற்கும் அடுத்த அலைக்கும் நடுவில், தூக்கி வைத்திருக்கும் மோட்டாரைக் கீழே இறக்கி, ஒரே இழுப்பில் கிளப்பி, முழு வேகத்தில் இரண்டாவது அலையின் முதுகில் ஏற வேண்டும். கிளம்பாவிட்டால், அல்லது கிளம்பியும் இழுக்காவிட்டால், அலை படகைப் பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்த்துவிடும். கடலுக்குள்ளே எவ்வளவோ தூரம் போய் மோட்டார் நின்றால் துடுப்புப் போட்டு வந்துவிடலாம். கரையிலிருந்து முப்பதடியில் நிற்கக் கூடாது.

எங்கள் மேலாளர் நந்தனத்திலிருந்து ஒரு படிவம் அனுப்பியிருந்தார். படகு புறப்படுமுன் நான் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டிய இருபத்து நான்கு கட்டங்கள். ஏதோ வெளிநாட்டுக் கையேட்டைப் பார்த்து எழுதியது. "புறப்படும் துறைமுகம்" என்றுகூட ஒரு கட்டம் இருந்தது. எங்கள் துறைமுகம் நாலு பனங்கட்டையும் பத்துப் பேர் தோளும். முதல் கட்டமே "செல்லும் இடம், திரும்பும் நேரம்". முதல் நாள், மோட்டாரைத் தோளில் ஏற்றி இரண்டடி வைத்த கன்னியப்பன் அண்ணனைப் பார்த்து, நல்ல உரத்த குரலில், "எங்க போறோம்ணா? எப்ப திரும்புவோம்?" என்று கேட்டேன்.

அவர் நின்றார். மோட்டாரைக் கீழே இறக்கினார். வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி சுசீலா அவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னாம்மா நீ, கடலுக்குப் போற ஆளப் பாத்து எங்க போறேன்னு கேக்குற? எப்ப வருவேன்னு வேற. உங்க ஊட்ல யாரும் சொல்லிக் குடுக்கலியா?"

"படிவத்துல இருக்குக்கா."

"படிவம் கடலுக்குப் போவுதா?"

பத்து நிமிடம் கழித்து அவர் எழுந்து வந்தார். என்னைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் சொன்னார். "அந்தக் கட்டத்த சும்மா வுடும்மா. வந்தப்புறம் எழுதிக்கலாம்."

அப்படித்தான் ஆயிற்று. செல்லும் இடத்தைத் திரும்பி வந்த பிறகு எழுதினேன். ஒரு கட்டத்தைக் கேட்காமல் எழுதப் பழகிவிட்டால் மற்றவையும் கேட்காமலே நிரம்பிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. "தீயணைப்புக் கருவி" டிக். "திசைகாட்டி" டிக். பதினேழாவது கட்டம் "குளிரூட்டும் நீர் சீராக வெளியேறுகிறதா". ஓடுகிற மோட்டாரின் பக்கவாட்டிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் பீய்ச்சும். அது வந்தால் உள்ளே சூடு ஏறவில்லை என்று அர்த்தம். சுசீலா அதை, "டிக்கு, இங்க பாரு, ஒண்ணுக்குப் போவுது. போட்டுக்கோ" என்பாள். என் பெயர் அவளுக்கு முதல் நாளிலிருந்தே டிக்குதான். சாந்தோம் டீச்சர் குடும்பத்துப் பெண் காதெல்லாம் சிவந்துபோய் டிக் போடுவேன்.

சுசீலா என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள். காலையில் கரையில் மீன் ஏலம் எடுத்து, பெசன்ட் நகர் வீடுகளுக்குக் கூடையில் கொண்டுபோய் விற்பாள். மோட்டார் ஓடும்போது எங்கே இருந்தாலும் டிரம்முக்கு அருகே வந்து நின்றுவிடுவாள். கன்னியப்பன் அண்ணன் கயிற்றை இழுத்து, மோட்டார் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மோட்டாரைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்ப்பார். அவள் கொஞ்ச நேரம் நின்று, மோவாயை மேலே ஒரு தடவை ஆட்டுவாள். உடனே அவர் அணைத்துவிட்டுத் தூக்கிக் கிளம்புவார். அவள் ஆட்டாத நாட்களில் அவர் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பார், எண்ணெய் டியூபை ஊதுவார், மறுபடி இழுப்பார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? காதல் என்று நினைத்தேன். விடியற்காலையில், புகைக்கு நடுவில், பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போவேன் என்கிற மனுஷன். என் டைரியில் இதைப் பற்றி அரைப்பக்கம் எழுதினேன். அவர்களுக்குப் பத்து வயதில் ஒரு பெண் இருந்தாள். சண்டை போட்டால் நாலு வீடு தள்ளிக் கேட்கும். அதெல்லாம் என் கணக்கில் வரவில்லை.

ஒரு நாள் கடலில், தண்ணீர் மொள்ளும் என் வாளி கை நழுவிப் போனது. "அண்ணா, நிறுத்துங்க" என்று கத்தினேன். படகின் வாலில் உட்கார்ந்திருந்தவர் நேராகப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டே போனார். மூன்று தடவை கத்தினேன். கடைசியில் எழுந்துபோய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினார். அந்த முகத்தில், திருட்டு வெளிப்பட்ட பையன் மாதிரி ஒரு திடுக்கிடல். கரைக்கு வந்ததும் சுசீலாவிடம் கேட்டேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேரடியாகச் சொன்னாள்.

"எடது காது சுத்தமாப் பூட்ச்சி. சோத்துக்கை பக்கம் பாதி கீது. பன்னெண்டு வருசமா மோட்டார் பக்கத்துலயே குந்திகினு கீறாரே, வேற இன்னா ஆவும்? மத்தபடி கடல்ல அவர மாரி ஆளு கெடையாது. மோட்டாரு நல்லாகீதான்னு நான் கேட்டு சொல்றேன், அவ்ளோதான். உங்க ஆபீசுக்குத் தெரிஞ்சா படகு வாண்டாம்னுடுவாங்க. உன் கைலதான கீது டிக்கு."

என் படிவத்தில் நாலாவது கட்டம்: "படகு ஓட்டுநர் பார்வை, செவித்திறன் சரி". அதில் இரண்டு மாதமாக டிக் போட்டுக்கொண்டிருந்தேன். தொடர்ந்து போட்டேன். இப்போது அது தெரிந்தே போட்ட டிக். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, நான் குப்பத்து ரகசியம் காக்கிறவள் என்று.

ஐந்தாவது மாதக் கடைசி. கடல் கொந்தளிப்பால் இரண்டு நாள் போகவில்லை. அந்த மாதத்து அறிக்கைக்கு இன்னும் ஒரு தடவை தண்ணீர் எடுத்தாக வேண்டும். "இந்த மாசம் கணக்கு முழுசா வரலைன்னா உங்க கன்ஃபர்மேஷனைப் பத்தி யோசிக்க வேண்டியிருக்கும்மா" என்று மேலாளர் போனில் சொல்லியிருந்தார். அவர் எதையும் கடுமையாகச் சொல்லமாட்டார். அதுதான் பயமாக இருக்கும்.

காலையில் குப்பத்துக்குப் போனால் சுசீலா இல்லை. காசிமேட்டில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். முந்தைய நாளே போய்விட்டாள். கன்னியப்பன் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருந்தார். மோட்டார்மேல் பூனை.

"நாளைக்குப் போலாம்மா. சுசீலா வந்துடும்."

"நாளைக்கு மாசம் முடிஞ்சிடும்ணா. என் வேலை." அவருடைய வலது காதுப் பக்கம் போய் நின்று சொன்னேன். "நான் கேட்டுச் சொல்றேன். அஞ்சு மாசமாக் கேக்கறேனே, எனக்குத் தெரியாதா?"

எழுந்தார். பிறகு பூனையை இறக்கிவிட்டார்.

மூன்றாவது இழுப்பில் மோட்டார் கிளம்பியது. நான் சுசீலா நிற்கும் இடத்தில், அவள் நிற்கிற மாதிரியே இடுப்பில் கை வைத்து நின்றேன். நூல் தண்ணீர் ஒழுங்காகப் பீய்ச்சியது. சத்தம் என்றைக்கும் இருப்பதைவிடக் கொஞ்சம் அடங்கி இருந்தது. தடதடப்பு குறைந்து, பொத்துப் பொத்தென்று மெதுவாக. பரவாயில்லையே, இன்றைக்கு மோட்டார் சமர்த்தாக இருக்கிறதே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டில் சத்தம் போடாத பிள்ளைதான் நல்ல பிள்ளை.

கன்னியப்பன் அண்ணனின் உள்ளங்கை மோட்டார் தலையில் இருந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தார். கையை எடுத்து, மறுபடி வைத்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் மோவாயை மேலே ஒரு தடவை ஆட்டினேன். அவர் கை இன்னும் ஒரு கணம் அங்கேயே இருந்தது. பிறகு அணைத்தார். நான் இருபத்து மூன்று கட்டங்களில் டிக் போட்டேன்.

முதல் அலையைத் தாண்டினோம். மோட்டாரை இறக்கி இழுத்தார், உடனே கிளம்பியது. இரண்டாவது அலை எழும்பி வருவதைப் பார்த்து முழு வேகம் கொடுத்தார். படகு முன்னால் பாயவில்லை. மோட்டார் இருமி, திணறி, நின்றுவிட்டது. படகின் மூக்கு வடக்கே, சென்னைத் துறைமுகத்தின் பக்கம் திரும்பியது. அவர் துடுப்பை எடுப்பதற்குள் அலை எங்களைப் பக்கவாட்டில் அள்ளிக் கொட்டியது.

ஆழமில்லை, மார்பளவுதான். ஆனால் மார்பளவுத் தண்ணீரில் உங்கள் தலைக்குமேல் ஒரு படகு கவிழ்ந்தால் அது ஆழம்தான். நான் போட்டிருந்த உயிர்காப்பு உடையைப் பிடித்து யாரோ என்னை இழுத்துப் போட்டார்கள். உப்பும் மணலும் துப்பினேன். ஐஸ் பெட்டி தன்பாட்டுக்கு மிதந்து, நடைப்பயிற்சிக்காரர்கள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. படகின் விளிம்பு கன்னியப்பன் அண்ணனின் வலது தோளில் அடித்திருந்தது. கையைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் முதல் வேலையாக ஒற்றைக் கையைக் காட்டி மோட்டாரைக் கழற்றச் சொல்லிக் கூடவே ஓடினார். உப்புத் தண்ணீர் குடித்த மோட்டாரை உடனே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் செத்துவிடும்.

வாசலில், அந்த நீல டிரம்முக்குப் பக்கத்தில், இரண்டு பிளக்குகளையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்று பிஸ்கட் நிறத்தில் இருந்தது. மற்றது கரிக்கட்டை.

"ரெண்டுல ஒண்ணு வேலை செய்யல. ஒத்தக்கால்ல ஓடிகினு இருந்துச்சு. சும்மா நிக்கச் சொல்ல ஓடும், இஸ்துகினு போ சொன்னா பூடும்."

"எனக்கு நல்லா ஓடற மாதிரிதான் கேட்டுச்சுண்ணா."

"கை சொல்லிச்சும்மா, ஏதோ கொறையா கீதுன்னு. நீ தலய ஆட்டின. காது கீற ஆளு சொல்லுது, இந்தக் கைக்கு இன்னா தெரியும்னு வுட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வந்த சுசீலா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் தோளில் எண்ணெய் தேய்த்தபடியே என்னிடம் கேட்டாள்: "சத்தம் கம்மியா இருந்தா நல்லாகீதுன்னு அர்த்தமா? அழுவுற கொழந்த ஒரு நாளு அழுவாம கெடந்தா நல்லாகீதுன்னு தூங்கப் பூடுவியா நீ?" அவள் அன்றைக்கு என்னை டிக்கு என்று கூப்பிடவில்லை.

மூன்றாம் நாள் நந்தனத்துக்கு இருவரையும் வரச் சொன்னார்கள். கன்னியப்பன் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, கையைத் துண்டால் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார். அறையில் பழைய ஏசி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டிருந்த கோணத்தில், மேலாளர் இருந்த பக்கம் அவருடைய இடது காது. நான் அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்தேன். அந்த மிச்சமிருந்த பாதிக் காதுக்கு ஒரு முழம் தூரத்தில்.

மேலாளர் படிவத்தைத் தூக்கிப் பிடித்து, ஏசி சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அண்ணனைக் கேட்டார். "இன்ஜினை நீதான செக் பண்ண?"

"ஆமா சார்."

"சரியில்லைன்னு தெரிஞ்சும் கடல்ல எறக்கியிருக்க?"

"ஆமா சார்."

"அப்ப இதுக்கு முழுப் பொறுப்பும் நீதான்?"

"ஆமா சார்."

அவர் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரித் தலையாட்டினார். இவருக்கு ஒன்றும் கேட்கவில்லை, மரியாதைக்காக ஆமாம் போடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் கொஞ்சம் சாய்ந்து அந்தக் காதில் சொல்லியிருக்கலாம். அல்லது, மோட்டாரைக் கேட்டது நான்தான் என்று நிமிர்ந்து சொல்லியிருக்கலாம். மேலாளர் என் பக்கம் திரும்பி, வழக்கமான மென்மையான குரலில், "நீங்க இவரைக் கேட்டுட்டுத்தானே டிக் போட்டீங்க?" என்றார்.

"கேட்டேன் சார்" என்றேன்.

இரண்டு வார்த்தை. அடுத்த வாரம் வேறு குப்பத்துப் படகைப் பேசினார்கள். அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். மாதா படத்துக்குப் பின்னாலிருந்த காகிதத்தை எடுத்துவிட்டு அம்மா புதிய காகிதத்தைச் செருகினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நந்தனத்துக்குப் போன அன்றைக்கு அண்ணா சாலையில் பஸ்ஸுக்கு நின்றபோது அவர், "டீ சாப்டுறியாம்மா?" என்று கேட்டதும், நான் வேண்டாம் என்றதும், அவர் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துப் பஸ் ஏறியதும் நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவருக்குக் கேட்கவில்லை, கேட்காமல் ஆமாம் போட்டதற்கு நான் என்ன செய்வது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குப்பத்துப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். பெசன்ட் நகர் போனாலும் மாதா கோயில் வரை போய்த் திரும்பிவிடுவேன்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் பாலவாக்கத்தில் ஓர் உறவினரின் அடுக்குமாடி வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. வாசலில் நீலச்சட்டை போட்ட காவலாளி நீள நோட்டை என் பக்கம் தள்ளினார்.

"எங்க போறீங்க மேடம்?"

குரலை வைத்து எனக்குத் தெரியவில்லை. நோட்டின்மேல் இருந்த கையை வைத்துத்தான் தெரிந்தது. மோட்டார் தலையில் வைத்த அதே உள்ளங்கை, கொஞ்சம் விரிந்து, எதையோ கேட்டுக்கொண்டிருப்பது மாதிரி. தலை நரைத்திருந்தது. வலது காதில் கருவி. நான் என் பெயரைச் சொல்லவில்லை, "டிக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். "அட, நீயாம்மா!" பெண் பல்லாவரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று, காதுக் கருவி அவள் வாங்கிக் கொடுத்தது, சுசீலா முட்டிவலியோடு இன்னும் கூடை தூக்குகிறாள், அன்றைய அடிக்கு அப்புறம் தோள் சரியாக வரவில்லை, கயிறு இழுக்க முடியாமல் மோட்டாரைக் கொடுத்துவிட்டது, எல்லாம் இரண்டு கார்களுக்குக் கதவு திறந்து மூடுவதற்குள் சொன்னார். நான் அவருடைய வலது பக்கம் போய் நின்றேன். அன்றைக்கு நந்தனத்தில் மேலாளர் என்ன கேட்டார், அவர் எதற்கெல்லாம் ஆமாம் சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். உங்களுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தும் சும்மா இருந்தேன் அண்ணா என்றேன்.

"கேக்காம இன்னா? அந்த சார் ஏசி எரைச்சலுக்கு மேல கத்திகினுதான பேசினாரு. எல்லாம் காதுல வுழுந்துச்சு."

"அப்புறம் ஏன் ஆமான்னீங்க?"

"கை சொல்லியும் எறக்குனது நான்தானம்மா. அதுவும் இல்லாம, ஒனக்கு வேலை புச்சு, வுட்டா பூடும். எனக்கு இன்னா, கடலு எங்க பூடப் போவுதுன்னு நெனச்சேன்."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் கதவைத் திறந்துவிட்டு வந்தார். நான் நோட்டில் பெயர் எழுதி, நேரம் எழுதி, "செல்லும் இடம்" என்ற கட்டத்துக்கு வந்து, எந்த எண் வீடு என்று அழைப்பிதழைத் தேடினேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் எழுத்து தெரியவில்லை. அவர் நோட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அத்த வுடும்மா. வந்தப்புறம் எழுதிக்கலாம்."

சாப்பிட்டுவிட்டு இறங்கியபோது ஷிஃப்ட் மாறி வேறு யாரோ உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை போனபோது அவர் அங்கே வேலையில் இல்லை. போன மாதம் ஒரு காலையில் தைரியம் வந்து குப்பத்துக்கும் போய்ப் பார்த்தேன். சுசீலாவின் வீட்டில் வேறு குடும்பம். படகுகளில் புது மோட்டார்கள். புகையில்லை, பெரிய சத்தமில்லை, பொத்தானை அழுத்தினால் ஓடுகின்றன. அந்தப் பழைய மோட்டார் இன்று என் முன்னால் ஓடினால் ஒற்றைக்காலா இரண்டு காலா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். கேட்க ஆளில்லை.

பாலவாக்கத்து அந்த வாசலில் இப்போது நோட்டும் இல்லை. செல்போனில் ஏதோ செயலி. போகிறவர்கள் விரலால் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். எங்கே போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. அதைக் காலியாக விட்டால் கதவு திறப்பதில்லை.